கடைசி ஆள் போனா ரூம் மூடிக்கும்

எங்கள் வீட்டுப் பின்கதவு கொஞ்ச நாளாகக் கிரீச்சென்று கத்துகிறது. கடல் காற்றில் கீல் துருப்பிடித்துவிட்டது. திருவொற்றியூரில் துருப்பிடிக்காத கீல் எந்த வீட்டில் இருக்கிறது சொல்லு. நேற்று லீவு நாள். என் பையன் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். "டேய், வெச்சிட்றா அத்த!" என்று நான் போட்ட கூச்சலில் டப்பாவைக் கீழே போட்டுவிட்டான்.

"இன்னாமா, ஒரு சொட்டு எண்ணெய்க்கு இம்மாங் கூச்சலா?" என்று முறைத்தான். அவனுக்கு என்ன சொல்ல? "அது கத்துனா கத்திட்டுப் போவுது, உனக்கு இன்னா போச்சு" என்று மட்டும் சொல்லி, தரையில் சிந்திய எண்ணெயைத் துணி போட்டுத் துடைத்தேன். கைக்கு எண்ணெய் வாசனை வந்ததும் உன் தையல் மிஷின் ஞாபகம் வந்தது. கதவின் சத்தத்துக்கோ வேறு ஞாபகம். அதைத் தெரிந்த ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான், நீயும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். பைத்தியம் என்று சிரித்தால் சிரித்துக்கொள்.

அந்தக் காலத்தில் பிரௌசிங் சென்டர் கம்ப்யூட்டரில் மெசஞ்சர் போட்டு உட்கார்ந்திருப்போமே, அதில் நம் லிஸ்டில் இருக்கும் யாராவது உள்ளே வந்தால் கதவு திறக்கிற சத்தம் கேட்குமே, அதே சத்தம்தான் இது. அச்சு அசல். ஆள் போனால் சாத்துகிற சத்தமும் கேட்கும். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீ என்னோடு வாயடித்துக்கொண்டிருப்பாய். அந்தக் கிரீச் கேட்டதும் பாதிப் பேச்சில் உன் தலை திரும்பிவிடும். யார் வந்தார்கள் என்று பார்ப்பாய். பெரும்பாலும் வேறு யாராவதாகத்தான் இருக்கும். "ப்ச்" என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே காம்பவுண்டில், சுவரை ஒட்டின வீடுகளில் குடியிருந்தோம். உன் வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர், மும்தாஜ் அக்காவின் வீட்டுக்காரர், ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் என்று நம் தெருவிலிருந்து நாலு பேரும் ஒரே ஏஜெண்ட் மூலமாக ஷார்ஜாவுக்குக் கப்பல் ரிப்பேர் வேலைக்குப் போனார்கள். இங்கே ஹார்பரில் வெல்டிங் பார்த்தவர்கள், அங்கேயும் அதே வெல்டிங். அவர்கள் போன புதிதில் ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடுவோம். சிவப்பு எண் ஓடுகிற பெட்டியைப் பார்த்தபடியே பேசுவோம். அவர் என்ன சொன்னார் என்று திரும்பி வரும்போது ஒன்றும் நினைவிருக்காது.

அப்போதுதான் தேரடிக்குப் பக்கத்தில் பாஷா பாய் பிரௌசிங் சென்டர் திறந்தார். ப்ளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள், அரைக் கதவு, ஏ.சி.யும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை. பெண் பிள்ளைகள் உள்ளே போனால் தெருவே பேசும் காலம். நீதான் துணிந்தாய். "நம்ம புருஷனோட பேசறதுக்கு எவன்டி கேக்கறது? வா, நான் கீறேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

அன்றைக்கு நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பாஷா பாய் உனக்கு ஐ.டி. போட்டுத் தந்துவிட்டு, "உங்க வூட்டுக்காரர் பேர் சொல்லுங்கமா, லிஸ்ட்ல சேக்கணும்" என்றார்.  புருஷன் பேரை நீ ஒரு நாளும் சொன்னதில்லை. உன் அம்மாவும் சொன்னதில்லை. "அது... திருத்தணில கீறாரே, அவரு" என்றாய். பாய் தாடியைச் சொறிந்தார். "முருகனா?" "இல்ல, அவரு கையில கீறது." "மயிலா?" "அய்ய, மயில் கையிலயா கீது?" நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். "இன்னாமா இது, குறுக்கெழுத்துப் போட்டியா?" என்று அவர் அலுத்துக்கொண்ட பிறகு நான்தான் குனிந்து 'வேலு' என்று அடித்தேன். திரையில் அந்தப் பெயர் வந்ததும் நீ ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாய். கண்ணாடி சூடாக இருக்கிறது என்று சொன்னாய்.

ரூம் போடலாம் என்பது உன் யோசனை. வெள்ளிக்கிழமை அங்கே லீவு. மதியத்துக்கு மேல் நாலு ஆம்பளைகளும் அவர்கள் தங்கியிருந்த கேம்ப் பக்கத்து நெட் கடையில் வந்து உட்காருவார்கள். இங்கே நாம் நாலு பேர். ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்து, தனித்தனியாக எழுதி, நடுவில் எழுந்துபோய் "உங்க ஆளு இன்னா சொன்னாரு?" என்று பக்கத்துக் கேபினில் கேட்டு வருவோம். உனக்கு அது பிடிக்கவில்லை. "இது இன்னாடி, ஆசுபத்திரில ஆளுக்கொரு பெட் மாரி. எல்லாரையும் ஒரே வூட்ல குந்த வெச்சா ஷோக்கா இருக்கும்ல?" என்றாய். பாய் வேறு யாருக்கோ பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் நீயே மெனு மெனுவாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தாய். லிஸ்டில் யாரெல்லாம் வேண்டுமோ அவர்கள் பெயரை டிக் பண்ண வேண்டும், அழைப்பு ஒரு வரி எழுத வேண்டும், அனுப்ப வேண்டும், அவர்கள் சரி என்று அழுத்தினால் உள்ளே வருவார்கள். ஆன்லைனில் இல்லாதவர்களைக் கூப்பிட முடியாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நீ ஏதோ வீடு கட்டி முடித்தவள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய்.

முதல் அழைப்பு நாறிப்போனது. 'ரூமுக்கு வாங்க' என்று நீ எல்லாருக்கும் அனுப்பினாய். மும்தாஜ் அக்கா தன் கேபினிலிருந்தே, "எவன்டி அவன், ரூமுக்கு வான்றான்? செருப்பு பிஞ்சிடும்!" என்று கத்தினார். பக்கத்தில் ரெஸ்யூம் அடித்துக்கொண்டிருந்த பையன் பதறி எழுந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அழைப்பை மாற்றினாய். ரூமுக்கு 'நம்ம தெரு' என்று பெயர் வைத்து, 'டீ ரெடி, வாங்க' என்று எழுதினாய். அதுதான் கடைசி வரைக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அந்த ஒரு வரி போகும். கிரீச், கிரீச் என்று கதவு திறக்கும். ஒவ்வொருவராக வருவார்கள்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். எழுத்தைத் தேடித் தேடி ஒரு விரலால். அந்த அவதியிலும் நம் பெண்கள் மரியாதையை விடவில்லை. ஸ்டெல்லாவின் மாமியார் ஸ்டூல் போட்டு மருமகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் புருஷனோடு நேருக்கு நேர் பேசுகிற பழக்கம் நமக்கு ஏது? வீட்டில் எப்படியோ அப்படியே ரூமிலும். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்று மும்தாஜ் அக்கா கேட்பார். எங்க வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா என்று ஸ்டெல்லா கேட்பாள். மும்தாஜ் அக்காவுக்காக நான் கேட்பேன். உனக்காகவும் நான்தான். "கஸ்தூரி, தூக்கம் வருதான்னு கேளு. ஃபேன் ரிப்பேராச்சே, சரி பண்ணாங்களான்னு கேளு" என்று தடுப்புக்கு மேலே எக்கிச் சொல்வாய். நான் கேட்பேன். உன் வீட்டுக்காரர் எனக்குப் பதில் எழுதுவார். நல்லா எழுதுவார் மனுஷன், கேலியும் கிண்டலுமாக. கேம்ப்பில் போடுகிற பருப்பில் பருப்பைத் தேட டார்ச் வேண்டும் என்று எழுதி எல்லாரையும் சிரிக்க வைத்தது அவர்தான்.

ரூம் என்பது ஊருக்கு. அவரவர் புருஷனோடு பேச அவரவருக்கு ஒரு சின்ன ஜன்னல் தனியாகத் திறந்திருக்கும். ரூமில் 'அண்ணே' என்றும் 'அக்கா' என்றும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்ன ஜன்னலில் வேறு பேச்சு ஓடும். ஸ்டெல்லாவின் மாமியார் கண் அசரும் நேரம் பார்த்து அவள் அதைத் திறந்து மூடுகிற வேகம் இருக்கிறதே! எனக்கும் இருந்தது. எங்க வீட்டுக்காரர் அந்தச் சின்ன ஜன்னலில் எழுதினதையெல்லாம் இப்போது அவரிடமே சொன்னால் நம்ப மாட்டார். உனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

ரூமுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே ஒரு ஆளாவது இருக்கும்வரைதான் அது ரூம். கடைசி ஆளும் வெளியே வந்தால் அது மூடிக்கொள்ளும். எழுதினதெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து எல்லாரையும் கூப்பிட வேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தால் அவர்களில் ஒருவர் உள்ளே இருந்து நம்மைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதனால் நீ எப்போதும் கடைசியாகத்தான் எழுந்திருப்பாய். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போயிட்டு வரேன் சொல்லி, அதற்கு ஒவ்வொருவரும் பதில் சொல்லி, கிளம்புவதற்கே அரைமணி ஆகும். எல்லாரும் போன பிறகும் நீ உட்கார்ந்திருப்பாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வரியாடி இல்லியா?" என்பேன். "இருடி, யார்னா திரும்பி வந்தா? கடைசி ஆள் போனா ரூம் மூடிக்கும்" என்பாய்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. சுட்டியை ஆட்டினாலும் அசையவில்லை. உன் திரையிலிருந்து எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று உன் கேபினுக்குள் நுழைந்தேன். நீ அந்த நேரம் பார்த்து மும்தாஜ் அக்காவுக்கு ஏதோ சொல்லிக் கொடுக்க எழுந்து போயிருந்தாய். திரையில் ரூம் ஓடிக்கொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் அதில் ஏதோ ஜோக் எழுதி, எங்க வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் உன் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அவர் பெயர் போட்ட ஜன்னல்.

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. எல்லாம் உன் வரிகள். 'சாப்டீங்களா.' 'பாப்பாவுக்கு ஜுரம் விட்ருச்சு.' 'இங்க மழை, சடையங்குப்பம் பக்கம்லாம் தண்ணி ஏறிடுச்சாம்.' 'பாப்பா உங்க சட்டைய போட்டுகினு தூங்கறா.' 'கீறீங்களா?' அதற்குக் கீழே மறுபடியும் 'கீறீங்களா?' அவர் வரி ஒன்றுகூட இல்லை. அதே நிமிஷம் பெரிய ஜன்னலில் அவர் எழுதிய சிரிப்பு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

நீ வந்து பின்னால் நின்றது எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டி அந்தச் சின்ன ஜன்னலை மூடினாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். "யார்கிட்டயும் சொல்லிடாத கஸ்தூரி" என்றாய்.

"எப்பலேந்துடி இப்டி?"

"போன ரம்ஜானுக்கு முன்னாடிலேந்து."

"இன்னா சண்டை?"

"சண்டை போட்டாதான் தேவலியே. ஒண்ணுமே இல்ல. நான் கேட்டா பதில் வராது. நீ கேட்டா வருது. அத்தான் உன்ன கேக்கச் சொல்றேன்."

 இத்தனை நாளும் எல்லாப் பெண்களும் போல நீயும் கூச்சத்தில்தான் என்னைக் கேட்கச் சொல்கிறாய் என்று இருந்தேன். தெருவே அப்படித்தான் இருந்தது. எல்லாரும் அடுத்தவள் மூலமாகத்தான் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் உன் புருஷன் உன்னோடு பேசாதது யார் கண்ணுக்குத் தெரியும்? "நாலு பேர் எதிர்ல நான் கேக்கறேன் பாரு, மானத்தை வாங்கறேன் பாரு" என்று கீபோர்டை இழுத்தேன். என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

"வேணாம்டி. கேட்டா, ரூமுக்கும் வர மாட்டாரு. இப்ப இன்னா, சாப்டாரா, தூங்கினாரா, இருமல் கீதா, எல்லாம் தெரியுதுல்ல? சிரிக்கிறாருல்ல? இந்த ரூமும் இல்லன்னா, மனுஷன் கீறாரா இல்லியான்னே எனக்குத் தெரியாது" என்றாய். சொல்லும்போது உனக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அங்கே ஒருத்தி இருந்தாள் என்றார்கள். அதெல்லாம் இல்லை, ஆள் குடிக்கிறார் என்றார்கள். எங்க வீட்டுக்காரரைத் தனியாகக் கேட்டேன். "அவன் விஷயம் நமக்கெதுக்கு" என்று எழுதிவிட்டுப் பேச்சை மாற்றினார். ஆம்பளைகளுக்குள் ஒரு கட்டு இருக்கிறதே, அது நாம் ரூம் போட்டாலும் உடையாது.

அதற்குப் பிறகு நானும் உனக்காக நிறையக் கேட்டேன். நீ சொல்லாததையும் சேர்த்துக் கேட்டேன். பாப்பா ஸ்கூலில் பேச்சுப் போட்டியில் ஜெயித்ததை எழுதினேன். அவர் கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் போட்டார். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எனக்கு அனுப்பின பொம்மை அது. உனக்கு இல்லை. தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஆளுக்கொரு செல்போன் வந்தது. மும்தாஜ் அக்கா வண்ணாரப்பேட்டைக்கு மாமியார் வீட்டோடு போய்விட்டார். ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் திரும்பி வந்து எண்ணூர்ப் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எங்க வீட்டுக்காரரும் வாரத்தில் ரெண்டு தரம் போனிலேயே பேச ஆரம்பித்தார். உன் வீட்டுக்காரர் உனக்கு ஒரு நம்பர் தரவில்லை. நீயும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வந்தால் மட்டும் முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பாய். "நீ வரலன்னா ரூம் போட முடியாதுடி. ஒத்த ஆளுக்கு எவ ரூம் போடுவா?"

ஊரே சிரிக்கும் காட்சி அது. ப்ளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நீ எனக்கு 'டீ ரெடி, வாங்க' அனுப்புவாய். நான் சரி என்று அழுத்துவேன். கிரீச். ரெண்டு பேரும் உள்ளே. அவர் எப்போதாவது ஆன்லைனில் வந்தால் கூப்பிட வேண்டுமே, அதற்காக ரூமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெளியே ஹை ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மணலி ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஏ.சி.க்குள்ளேயும் நாற்றம் வரும். சும்மா இருக்க முடியாமல் எழுத ஆரம்பித்தோம். பக்கத்தில் இருக்கிறவளுக்கு எழுதுவது முதலில் பேஜாராக இருந்தது. அப்புறம் அதிலேயே ஒரு ருசி வந்துவிட்டது. எத்தனை வருஷம் சுவரை ஒட்டிக் குடியிருந்தோம், குழாயடியில் நின்று என்னென்னவோ பேசியிருக்கிறோம், ஆனால் இதையெல்லாம் வாயால் பேசினதில்லை.

ஒரு தரம் நீ எழுதினாய்: 'கஸ்தூரி, அவர் மொகம் மறந்துட்டு வருது. ஆணில மாட்டின போட்டோல கீற மொகம்தான் ஞாபகத்துக்கு வருது. பேசற மொகம் வரல.' நான் அதை மறுபடி மறுபடி படித்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் 'பஜ்ஜி துன்னலாமா' என்று எழுதினேன். 'ம்' என்று எழுதினாய்.

அந்த நாளும் வந்தது. அன்றைக்கு மழை மூட்டம். எனக்குத் தலைவலி. கிளம்பலாமா என்று எழுதப் போகிறேன், ரெண்டு ஹெட்போனிலும் கிரீச். லிஸ்டில் உன் வீட்டுக்காரர் பெயர் மஞ்சளாக எரிகிறது. நீ கூப்பிட்டாய். அழைப்பை எவ்வளவு வேகமாக அனுப்பினாய்! மாசக் கணக்கில் வராத மனுஷன் சரி என்று அழுத்தி உள்ளே வந்துவிட்டார். வலது பக்கம் பெயர்கள் வரிசையாக நின்றன. உன் பெயர். என் பெயர். அதற்குக் கீழே அவர் பெயர்.

அவர் எழுதினார்: 'யாரும் இல்லியா?'

உன் கீபோர்டு சத்தம் கேட்டது. ரெண்டு மூன்று எழுத்து. நின்றுவிட்டது. மறுபடி கேட்டது. நின்றுவிட்டது.

நான் என் பக்கம் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை. நம் குழாயடியில் தண்ணி லாரி வரும்போது கேட்கிற வார்த்தைகள். அனுப்புவதற்குள் நீ எழுந்து வந்து என் தோளைத் தொட்டாய். தலையை ஆட்டினாய். திரும்பிப் போய் உன் இடத்தில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினாய்.

'எல்லாரும் கிளம்பிட்டாங்க.'

'சரி' என்று போட்டார். கதவு சாத்துகிற சத்தம் ரெண்டு ஹெட்போனிலும் கேட்டது.

நீ ரூமை விட்டு வெளியே வந்து, ஹெட்போனைக் கழற்றி, சுருட்டி, மானிட்டர் மேல் வைத்தாய். முந்தானையைச் சரி செய்துகொண்டாய். "நான் முன்னால போறேன். நீ மூடிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ எனக்கு முன்னால் கிளம்பினது அதுதான் முதல் தடவை. திரையில் என் பெயர் மட்டும் நின்றது. மூட எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். பாய் மூடியிருப்பார்.

அதற்கப்புறம் நாம் பிரௌசிங் சென்டர் பக்கம் போகவில்லை. நீ எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போனாய். பாப்பாவை நர்சிங் படிக்க வைத்தாய். விம்கோ நகரில் கல்யாணம் கட்டிக் கொடுத்தாய். கல்யாணத்துக்கு உன் வீட்டுக்காரர் வந்து மணவறையில் நின்றுவிட்டு மறுநாளே போய்விட்டார். பிறகு ஷார்ஜாவை விட்டே திரும்பி வந்து ஓசூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நீ ஒரே ஒரு தரம்தான் பேசினாய். ஆஸ்பத்திரியில், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது. "நான் கீறேன்னு ஒரு வார்த்த எழுதிருக்கணும் கஸ்தூரி. அடிச்சேன். அழிச்சிட்டேன்" என்றாய். எனக்கு அன்று கேட்ட கீபோர்டு சத்தம் அப்போதுதான் புரிந்தது. "விடுடி, நாறப் பய" என்றேன். நீ சிரித்தாய். புருஷனைத் திட்டினால் எப்போதும் கோபித்துக்கொள்கிறவள், அன்றைக்குச் சிரித்தாய்.

உன்னை எடுத்துக்கொண்டு போன மறுநாள், பாப்பாவும் மருமகனும் சாம்பலைக் கரைக்கக் கடலுக்குப் போயிருந்தார்கள். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணையக் கூடாது, வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். நான் இருட்டு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கையில் ஒரு மாலை, பாதி வாடினது. தலை சுத்தமாக நரைத்திருந்தது. உள்ளே ஒரு காலை வைத்தபடி குரல் கொடுத்தார்.

"யாரும் இல்லியா?"

அன்றைக்கு ரூமில் எழுதின அதே ரெண்டு சொல்.  இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்த அத்தனை வசவும் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது.

"இருந்தாண்ணே" என்றேன். "அன்னிக்கு நீங்க கேட்டப்பகூட இருந்தா. இப்பதான் யாரும் இல்ல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்றைக்கு என்று கேட்கவும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு, மாலையை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். நான்தான் வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ சாகிற வரைக்கும் தூக்கிச் சுமந்த ஒரு வார்த்தை, அந்த மனுஷனுக்கு ஞாபகத்திலேயே இல்லை.

நீ போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. எங்க வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஷார்ஜாவிலிருந்து சின்ன ஜன்னலில் அத்தனை எழுதின ஆள், எதிரே வந்து உட்கார்ந்த பிறகு, சோறு போடட்டுமா என்றால் "ம்" என்கிறார், அவ்வளவுதான். ஸ்டெல்லா போனில் ஒரு குரூப் ஆரம்பித்து அதற்கும் 'நம்ம தெரு' என்றே பெயர் வைத்திருக்கிறாள். எல்லாரும் அதில் இருக்கிறார்கள். காலையில் பூ படம், ராத்திரி சாமி படம். யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. இப்போது ரூம் மூடுவதே இல்லை தெரியுமா? உள்ளே ஒருத்தரும் உட்கார வேண்டாம், அது பாட்டுக்குத் திறந்தே கிடக்கும். நீ இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாயா, திட்டியிருப்பாயா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் நம்பரும் அதில்தான் இருக்கிறது.

நான் இப்போதெல்லாம் யார் வீட்டு வாசலில் நின்றாலும் யாரும் இல்லியா என்று கேட்பதில்லை. "வூட்ல யாரு கீறீங்க?" என்றுதான் குரல் கொடுக்கிறேன். ஒருத்தி உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். கல்யாணமோ கருமாதியோ, எந்த வீட்டுக்குப் போனாலும் கடைசியாகத்தான் எழுந்திருக்கிறேன். பையன் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு கத்துவான். கத்தட்டும்.

எண்ணெய் டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் கடல் காற்று எழும்பினால் பின்கதவு தானாகத் திறந்துகொள்கிறது. கிரீச். அடுப்படியில் என்ன வேலையாக இருந்தாலும் தலை திரும்பிவிடுகிறது. நீ அடித்து அழித்த வார்த்தையை நான் சொல்கிறேன். சத்தமாகவே சொல்கிறேன்.

"கீறேன்டி."

கூடத்திலிருந்து எங்க வீட்டுக்காரர், "யாருகிட்ட பேசிகினு கீற?" என்கிறார்.